ஆற்றுப்படை பாடிய மொழியில் ஒரு நடைபாதை இல்லை

காட்டைப் பற்றி இன்று தமிழில் எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி, காட்டுக்குள் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நடந்து பார்க்காதவர்களால் எழுதப்படுகிறது. இதை நாங்கள் வசையாகச் சொல்லவில்லை. நடப்பதற்கு வழி விடப்படவில்லை என்பதனாலேயே சொல்கிறோம். திணைக்கோட்பாடு குறித்து நாள்முழுக்கக் கருத்தரங்கு நடத்தவும், முதற்பொருள் கருப்பொருள் உரிப்பொருள் என்று தாள்தாளாகக் கட்டுரை படிக்கவும் இங்கே ஆட்கள் உண்டு. ஆனால் குறிஞ்சியும் முல்லையும் கைகோக்கும் ஓர் அடிவாரத்தில், ஒரு பள்ளிச் சிறுமியும் அவளுடைய தாத்தாவும் அச்சமின்றி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரக்கூடிய ஐந்து கிலோமீட்டர்ப் பாதை ஒன்றை ஏன் அமைக்கவில்லை என்று கேட்பதற்கு ஆள் இல்லை. அந்தக் கேள்வியை இங்கே நாங்கள் கேட்கிறோம்.

எங்கள் கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்களிலும் மேற்கே திரும்பினால் மலை. ஒன்று 192 அடிக் கோபுரத்துக்கும் பால்கோவாவுக்கும் பெயர்பெற்றது. மற்றது நூற்பாலைகளுக்கும் சப்பட்டை மாம்பழத்துக்கும் நாய் இனத்துக்கும். இவற்றையெல்லாம் சொல்லும் ஊர்ப்பெருமைப் பேச்சுகளில், இரண்டு ஊர்களுக்கும் குடிநீரையும் பாசனத்தையும் காற்றையும் தரும் அந்த மலைக்கு இடம் கிடைப்பது அரிது. செண்பகத்தோப்பு என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஒரு பேருந்துப் பலகைப் பெயர். அய்யனார்கோவில் என்பது இராஜபாளையத்துக்காரர்களுக்கு அருவியில் தண்ணீர் விழுந்தால் மட்டும் நினைவுக்கு வரும் பெயர்.

அந்த மலையின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். சாம்பல்நிற மலையணிலைக் காப்பதற்கென்று 1988இல் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அச்சரணாலயத்தையும் மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது. மொத்தப் பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஏறத்தாழ 641 சதுர கிலோமீட்டர் மையப்பகுதி. எஞ்சிய 375 சொச்சம் சுற்றுப்பகுதி, அதாவது மனிதப் புழக்கத்துக்கும் காட்டுயிருக்கும் நடுவே சட்டமே ஏற்படுத்திய இடைவெளி. மேற்கே கேரளத்தின் பெரியாறு காப்பகம் தொடர்கிறது. வைகையின் நீர்ப்பிடிப்பு இந்த மலைகளில் இருக்கிறது. இவ்வளவு பெரிய செல்வத்தின் வாசலில் குடியிருப்பவர்கள் அதற்குள் எப்படிப் போகிறார்கள்?

எங்கள் கணக்கில் மூன்று வழிகள் உள்ளன. பக்தனாகப் போகலாம். வாடிக்கையாளனாகப் போகலாம். கள்ளனாகப் போகலாம். குடிமகனாகப் போவதற்கான வழி திறக்கப்படவில்லை.

*

முதலில் பக்தன். சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்குத் தாணிப்பாறையிலிருந்து ஏறும் வழி, இந்த மலைத்தொடரில் மிக அதிகமான மனிதக் கால்கள் பட்ட வழி. ஆடி அமாவாசையின்போது அங்கே திரளும் கூட்டத்தை அறியாதவர் இந்த வட்டாரத்தில் இல்லை. பக்தியை நாங்கள் பழிக்கவில்லை. வேலைநாள் முழுதும் தறியிலும் தோட்டத்திலும் தேய்ந்த மனிதர்கள், வாழ்நாளில் காட்டைப் பார்ப்பது அந்த ஒரு நாளில்தான் என்றால், அந்த நாள் அவர்களுக்கு உரியதே. ஆனால் அந்த வழி எளிய வழி அல்ல. பாறையும் ஏற்றமும் ஓடைக்கடப்புகளும் நிறைந்தது. 2015 மே மாதத்தில் அந்த ஓடைகளில் திடீரென்று வந்த வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைக் கொண்டுபோனது. மலையில் பெய்யும் மழை அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஓடையில் வந்துவிடும் என்பது மலையோரத்தில் வாழ்கிறவனுக்குப் பால பாடம். அந்தப் பாடத்தை நமது பிள்ளைகளுக்கு எங்கே, யார், எந்த ஓடைக்கரையில் நிறுத்திச் சொல்லித்தருகிறோம்? ஆண்டுக்கொருமுறை இலட்சம் பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிறவன் முன்னால் போகிறவனின் முதுகைத்தான் பார்க்கிறான். அவன் திரும்பி வரும்போது காட்டைப் பற்றிக் கூடுதலாக எதுவும் அறிந்திருப்பதில்லை. அவன் விட்டுவரும் நெகிழிப்பையைக் காடு மட்டும் நெடுநாள் சுமந்துகொண்டிருக்கிறது.

அடுத்து வாடிக்கையாளன். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகளை அறிவித்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகள் தரம் பிரிக்கப்பட்டன; இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், தீக்காலத்தில் மூடுதல் என்று ஓர் ஒழுங்கும் வந்தது. விருதுநகர் மாவட்டமும் அப்பட்டியலில் உண்டு. இதை வரவேற்கத்தான் வேண்டும். இதற்கு முன்பிருந்த குழப்பத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் இது யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் கட்டணமே சொல்லிவிடுகிறது. ஒரு தலைக்குச் சில நூறுகளில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும் தொகை, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாரக்கடைசிக்கு வருகிற இளைஞனுக்குப் பொருட்டல்ல. மில் வாசலில் மிதிவண்டியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் இராஜபாளையத்துப் பெண், கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் போக நினைத்தால், அது ஒரு வாரக் கூலி. தன் ஊர் மலையைப் பார்க்க ஒரு வாரக் கூலி!

மூன்றாவது கள்ளன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அடிவாரத்துத் தோப்புச் சாலைகளில் நின்று பாருங்கள். இருசக்கர வண்டிகளில் மூவர் மூவராக வருகிறார்கள். எந்த ஓடை, எந்தப் பாறை என்று அவர்களுக்குத் தெரியும். சிலர் குளிக்க, சிலர் குடிக்க, சிலர் காணொளி எடுக்க. அவர்களில் ஒரு பகுதியினர் உண்மையிலேயே மரத்தையும் நீரையும் பார்க்க வருபவர்கள் என்பதைச் சொன்னால் நம் ஒழுக்கவாதிகளுக்குக் கோபம் வரும். ஆனால் அதுவே உண்மை. முறையான வாசல் இல்லாதபோது வேலியில் சந்து தேடுவது மனித இயல்பு. வாசலை அடைத்துவிட்டுச் சந்தில் நுழைகிறவனைத் திட்டிக்கொண்டிருப்பது நிர்வாகமாகாது.

*

"குரங்கணியை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே குரங்கணிதான். 2018 மார்ச் 11 அன்று, இதே மலைத்தொடரில் தேனி மாவட்டத்துப் புல்சரிவுகளில் பற்றிய தீயில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்தவர்கள் சிக்கினர். இறந்தோர் எண்ணிக்கை 23ஐத் தொட்டது. அதன்பின் அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. விதிகள் தேவைதாம். ஆனால் அந்தத் துயரத்திலிருந்து பொதுப்புத்தி எடுத்துக்கொண்ட பாடம், காட்டுக்குள் போகாதே என்பது. எங்கள் பாடம் வேறு. நடக்கத் தொடங்குகிறவனுக்கென்று ஒரு பாதை இல்லாத நாட்டில், தொடங்குகிறவன் கடினமான பாதையிலேயே தொடங்குவான். வறண்ட புல் எப்படித் தீப்பிடிக்கும், காற்று எந்தப் பக்கம் வீசினால் தீ எந்தப் பக்கம் ஏறும், சரிவில் தீ மேல்நோக்கி விரையும் என்பதால் எங்கே நிற்கலாகாது, மார்ச் மாதத்தில் ஏன் புல்மேட்டில் கால்வைக்கக் கூடாது என்பவை யாருக்கும் பிறவியறிவு அல்ல. கற்றுக்கொள்ள வேண்டியவை. நீச்சல் கற்றுத்தர ஆழமில்லாத குளம் வேண்டும். ஆழமில்லாத குளத்தையும் மூடிவிட்டு, ஆற்றில் மூழ்கியவனை அறிவிலி என்று ஏசுகிற ஊருக்கு என்ன பெயர் வைப்பது?

இங்கே இலக்கிய வாசகர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. 'ஆறு' என்றால் வழி. வழி தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித்தருவதையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிக்கொண்ட மொழி இது. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாத்தைப் பெருங்கௌசிகனார் பாடினார், 583 அடிகள். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு மலைவழியைச் சொல்லும் பாட்டு. நம் பேராசிரியர்கள் அதில் மலையின் ஓசைகளை வியப்பார்கள், கொடைச்சிறப்பைப் புகழ்வார்கள். நல்லது. ஆனால் அந்தப் பாட்டின் நடுப்பகுதியை ஒருமுறை ஒரு வழிகாட்டிக் கையேடாகப் படித்துப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் இடத்தில் இரவில் நடக்காதே என்கிறது. பாம்பு ஒடுங்கும் குழிகளைப் பார்த்துப் போகச் சொல்கிறது. புனங்காவலர் பரண்மேல் நின்று யானையை விரட்ட எறியும் கல் உன்மேல் படாமல் ஒதுங்கச் சொல்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் கரைகளில் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்று சொல்கிறது. வழி தவறினால் என்ன செய்வது, யார் வீட்டில் என்ன உண்ணக் கிடைக்கும் என்பதுவரை இருக்கிறது. சுற்றத்தோடும் பெண்களோடும் பிள்ளைகளோடும் செல்லும் ஒரு குழுவுக்குச் சொல்லப்படும் அறிவுரை இது. வீரர்களுக்கான மலையேற்ற நூலன்று, புதியவர்களுக்கான வழித்துணை.

ஈராயிரம் ஆண்டுக்கு அணுக்கமான பழமையுடைய அந்தத் துணையை மனப்பாடச் செய்யுளாக்கி மதிப்பெண்ணுக்கு விற்றுவிட்டோம். செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் இன்று நிற்கும் மாணவனுக்கு எது நீர்மருது, எது நாவல், எது புங்கு என்று சொல்லும் ஒரு பலகை கிடையாது. இந்த முரண் நம்மில் எவரையும் உறுத்தாமலிருப்பதுதான் எங்களை உறுத்துகிறது.

*

வெறுமனே குறைசொல்லிக் கலைவது எளிது. எனவே நாங்கள் கேட்பது என்ன என்பதைத் துல்லியமாகவே சொல்லிவிடுகிறோம்.

காப்பகத்தின் மையப்பகுதியைத் தொடாமல், சுற்றுப்பகுதியின் விளிம்பில், ஏற்கெனவே மனிதக் கால்கள் பழகிய ஒற்றையடித் தடங்களை இணைத்து, நான்கிலிருந்து ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றுப்பாதை. செண்பகத்தோப்புப் பக்கம் ஒன்று. அய்யனார்கோவில் பக்கம் ஒன்று. மொத்த ஏற்றம் நூறு நூற்றைம்பது மீட்டரைத் தாண்டலாகாது. சாதாரண மனிதர் இரண்டரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். காலை வேளையில் மட்டும் திறந்திருக்க வேண்டும். யானைகள் தோப்புகளுக்கு இறங்கும் அந்தியிலும் விடியலுக்கு முன்னும் மனிதன் அங்கே இருக்கலாகாது. கோடைத் தீக்காலத்திலும் பெருமழை எச்சரிக்கை நாட்களிலும் மூடிவிட வேண்டும்.

ஏன் சுற்றுப்பாதை? போன வழியே திரும்பும் பாதையில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எதிரெதிரே மோதிக்கொள்வார்கள். பாதை அகலும், பேச்சு பெருகும். சுற்றுப்பாதையில் எல்லாரும் ஒரே திசையில் நடப்பர். ஒருவர் இரைச்சல் இன்னொருவரை எட்டாது. காடும் ஓரளவு அமைதியாக இருக்கும். வாசல் ஒன்றே என்பதால் உள்ளே போனவர் எத்தனை பேர், வெளியே வந்தவர் எத்தனை பேர் என்று ஒரே ஒரு காவலர் எண்ணிவிடலாம். பாதையின் எந்த இடத்தில் ஒருவருக்குக் கால் பிசகினாலும் வாசலுக்கான தொலைவு மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் போகாது. முதியவருக்கும் குழந்தைக்கும் இதைவிடப் பாதுகாப்பான வடிவம் இல்லை.

பாதை அமைப்பதும் ஒரு நுட்பம். பொக்லைன் கொண்டுவந்து பத்தடி அகலத்துக்கு மண்ணைச் சீவி, சிமெண்ட் போட்டு, இருபுறமும் வண்ணமடித்த கற்களை நடுவது பாதையன்று. அது ஒப்பந்தக்காரருக்குப் போடப்படும் பந்தி. மலைப்பாதை சரிவின் போக்கில் நேராக இறங்கலாகாது. இறங்கினால் மழைநீர் அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு இரண்டு பருவத்தில் அரித்துவிடும். சரிவின் குறுக்காக, சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும் சாய்வில், மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டாமல் அது ஏற வேண்டும். வெளிப்புறம் சிறிது சாய்ந்திருந்தால் நீர் பாதையில் ஓடாமல் பாதையைக் கடந்து போகும். இதற்கெல்லாம் வேண்டியது மண்வெட்டியும் கடப்பாரையும் கல்லடுக்கத் தெரிந்த கைகளும். கோடிகள் வேண்டியதில்லை, கோடிகள் வேண்டாம் என்பதனாலேயே இது நடக்காமலிருக்கிறதோ என்ற ஐயமும் எங்களுக்கு உண்டு.

அகலத்தைப் பற்றி இன்னொன்று. சாம்பல்நிற மலையணில் மரங்களின் உச்சியில் வாழ்வது. கிளையோடு கிளை கோத்துக்கொள்ளும் இடத்தில்தான் கூடு கட்டும். கிளைவழியே போய் இரைதேடும். ஆற்றோர மரங்களும் அடிவாரத்துப் புளியும் மாவும் அதற்கு வீடும் உணவும். இரண்டு மரங்களுக்கு நடுவே வானம் திறந்துவிட்டால் அது தரையிறங்க நேரும். தரையில் நாயும் பிறவும் காத்திருக்கும். எனவே பாதையின் அகலம் ஒரு மனிதனின் அகலம். மேலே இலைக்கூரை அறுபடவே கூடாது. ஒரு கிளைகூட வெட்டப்படலாகாது. அணிலுக்காக உண்டான சரணாலயத்தில் பாதையின் அளவையும் அணிலே தீர்மானிக்கட்டும் என்கிறோம்.

*

இனி மறுப்புகள். முதல் மறுப்பு தூய இயற்கைவாதிகளுடையது. மனிதக் காலே படாமல் காட்டை விட்டுவிடுங்கள் என்கிறார்கள். 641 சதுர கிலோமீட்டர் மையப்பகுதியைப் பொறுத்தவரை அவர்களோடு நாங்கள் முழுதும் உடன்படுகிறோம். அங்கே எவரும் உல்லாசத்துக்காக நுழைய வேண்டியதில்லை. ஆனால் விளிம்பிலும் நுழையாதே என்பவர்கள் ஒரு நடைமுறைக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். நாளை இந்த அடிவாரத்தில் ஒரு சாலையை அகலப்படுத்தவோ கல்குவாரி வைக்கவோ முயற்சி வந்தால், எதிர்த்துத் தெருவுக்கு வரப்போவது யார்? பார்த்தேயிராத ஒன்றுக்காக எவரும் போராடுவதில்லை. அந்த அணிலைப் பத்து வயதில் அண்ணாந்து பார்த்தவன் நாற்பது வயதில் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து நிற்பான் என்பது எங்கள் நம்பிக்கை. சட்டமும் இதற்கு எதிரானதன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே, சரணாலயத்துக்குள் அனுமதியோடு நுழைவதற்கான காரணங்களுள் ஆய்வோடு சுற்றுலாவையும் சேர்த்துத்தான் பட்டியலிடுகிறது.

இரண்டாவது தரப்பு இதற்கு நேரெதிர். சாகசச் சுற்றுலாக்காரர்கள். பாதை என்றதும் மலைமிதிவண்டி, கம்பிச்சறுக்கல், கூடாரம், இரவு நெருப்பு, பாட்டு என்று பட்டியலை நீட்டுவார்கள். மிதிவண்டிக்கு நாங்கள் பகைவர்கள் அல்லர். இந்த இரண்டு ஊர்களின் உழைக்கும் மக்கள் பல தலைமுறையாக ஏறி மிதித்த வாகனம் அது. ஆனால் யானை நடமாடும் காட்டில் மிதிவண்டி ஒரு தனி ஆபத்து: ஓசையின்றி விரைந்து வருகிறது. வளைவில் யானைக்கும் மனிதனுக்கும் ஒருவரையொருவர் அறிய அவகாசமே இருக்காது. நடப்பவன் வருவதைக் காடு முன்கூட்டியே அறிந்துகொள்ளும். உருண்டு வருகிறவனை அறியாது. இறக்கத்தில் தடை பிடிக்கும் சக்கரம் ஈரமண்ணில் வரியிடும். அவ்வரியில் மழைநீர் இறங்கும். எனவே நடைச்சுற்று காட்டின் விளிம்புக்குள். மிதிவண்டிச் சுற்று அதற்கு வெளியே, கண்மாய்க் கரைகளையும் தோப்புச் சாலைகளையும் வண்டிப்பாதைகளையும் இணைத்து. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் வழியாக இராஜபாளையம்வரை மலையைப் பக்கவாட்டில் பார்த்தபடியே மிதிப்பதில் தொடங்குகிறவனுக்கு இன்பம் குறைந்துவிடாது.

இந்தப் பிரிவினை எங்கள் கற்பனையன்று. சிங்கப்பூரில் 2016இல் திறக்கப்பட்ட செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் நடப்பவர்களுக்கும் மலைமிதிவண்டிக்காரர்களுக்கும் தனித்தனிப் பாதைகள். புதியவர்களுக்கும் தேர்ந்தவர்களுக்கும் தனித்தனி. 81 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பூங்கா, அருகிலுள்ள மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்துக்கு அரணாக அமைந்தது. கூட்டம் காப்பகத்துக்குள் பாயாமல் வெளியே தாங்கிக்கொள்ள ஓர் இடம். சிங்கப்பூரில் யானையும் இல்லை, புலியும் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பூங்காவையன்று. காட்டைக் காக்க வேண்டுமானால் காட்டின் வாசலில் மக்களுக்கு ஓர் இடம் கொடு என்கிற அந்த எளிய தர்க்கத்தை.

மூன்றாவது மறுப்பு வனத்துறையுடையதாக இருக்கும்: ஆள் பற்றாக்குறை. இதற்கு விடை அடிவாரத்திலேயே குடியிருக்கிறது. செண்பகத்தோப்பிலும் அத்திக்கோவிலிலும் தாணிப்பாறையிலும் அய்யனார்கோவில் பக்கத்திலும் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. தேனெடுக்கவும் கிழங்கெடுக்கவும் இந்த மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் நடந்தவர்கள். அவர்கள் அறிந்த மலையை நமக்குச் சொல்லித்தர அவர்களுக்கு முறையான சம்பளம் தரப்பட வேண்டும். மலைக்கு அப்பால் பெரியாறு காப்பகத்தில் இது செய்து காட்டப்பட்டிருக்கிறது. 1990களில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், காட்டில் களவாக வயணப்பட்டை உரித்து விற்றுவந்தவர்களே குழுவாக அமைந்து காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்றால், குறை மலையில் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பளியரைக் காட்சிப்பொருளாக்கும் திட்டம் எதுவும் எங்களுக்கு வேண்டாம். அவர்கள் குடியிருப்புக்குள் பாதை போகலாகாது. அவர்களை ஆடவைத்துப் படம்பிடிக்கலாகாது. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் அவர்களுக்குத் தந்துள்ள உரிமைகளுக்கு மேல் எந்தப் பாதையும் போடப்படலாகாது. பாதை எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் வேண்டாமென்றால் அந்த இடத்தில் வேண்டாம்.

கட்டணம்? அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் முதியோருக்கும் கட்டணம் கூடாது. பிறருக்கு ஒரு திரைப்படச் சீட்டின் விலையைத் தாண்டலாகாது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைக்கட்டும். அந்த வரம்பில் பாதி இந்த வட்டாரத்தாருக்கென்று ஒதுக்கப்படட்டும். இணையம் தெரியாதவர் வாசலில் வந்து பெயரெழுதி நுழைய முடியட்டும். உதகையில் கெய்ர்ன் ஹில் போன்ற எளிய நடைவழிகளைச் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பராமரிக்க முடிகிற அரசால், வெயிலூர் மக்களுக்கு அவர்கள் மலையின் அடியில் ஒன்றைத் தர முடியாதா?

*

கடைசியாக, நம்மவர்களிடம். ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஆழ்வார்களைத் தந்த ஊர் என்று மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறோம். அவ்விருவரில் ஒருவர் பூப்பறித்துத் தொடுத்தவர். மற்றவர் குயிலோடும் மேகத்தோடும் பேசியவர். அந்த ஊரில் பிறந்த ஒரு பிள்ளைக்குச் செண்பக மரத்தைக் கண்ணால் காட்ட நாம் எதுவும் செய்யவில்லை. நூல் வெளியீடும் நினைவஞ்சலியும் நவீனத்துவம் பற்றிய வழக்கும் மின்விசிறி சுழலும் அரங்குகளில் நடந்துகொண்டேயிருக்கின்றன. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் மேற்கே மலை நிற்கிறது. யாரும் தலை திருப்புவதில்லை.

நாங்கள் முன்வைப்பது சிறிய கோரிக்கை. ஐந்து கிலோமீட்டர், ஒரு மனித அகலம், தமிழில் மரப்பெயர்கள், பளியர் ஒருவரின் குரல், காலை இரண்டரை மணி நேரம். இதைப் படிக்கிற இந்த வட்டாரத்து வாசகர்கள், அடுத்த கிராமசபைக் கூட்டத்திலும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முயலுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் காப்பகத்தின் கள இயக்குநருக்கும் எழுதுங்கள். தமிழாசிரியர்களாக இருப்பவர்கள் மலைபடுகடாத்தை எடுத்துக்கொண்டு, பாதை வரும் என்று காத்திராமல், உரிய அனுமதி பெற்று மாணவர்கள் இருபது பேரோடு ஒருநாள் அடிவாரம்வரையாவது நடந்துவிட்டு வாருங்கள். பெயர் தெரியாத மரங்களின் பட்டியலோடு அவர்கள் திரும்பி வரட்டும். அந்தப் பட்டியலே எங்கள் கோரிக்கை மனுவின் முதல் பக்கமாக இருக்கும்.